பூனைக்கு முகம் வீங்கினால்: மட்டக்களப்புப் பக்கத்துப் பூனை வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டில் இப்போது ஏழு பூனைகள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மதிலேறி வரும் இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. முகம் வீங்கிய பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. அதனால் அக்கம்பக்கத்தில் யாருடைய பூனைக்குக் கன்னம் உப்பினாலும் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் வைத்தியர் இல்லை. வைத்தியர்கள் சொல்லித் தந்ததையும் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் பனடோல் பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

நேற்று இரவு நன்றாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி. ஒரே இரவில் எப்படி?

பெரும்பாலும் அது ஒரே இரவில் வந்ததாக இருக்காது. மூன்று நான்கு நாளைக்கு முன் தகரக் கூரையில் பெரிய சண்டை கேட்டதா என்று யோசித்துப் பாருங்கள். வெளியே போய்வரும் பூனைக்கு முகம் வீங்குவதற்கு முதல் காரணம் இன்னொரு பூனையின் கடிதான்.

பூனையின் கூர்ப்பல் ஊசி போல மெல்லியது, ஆழமாக இறங்கும். மேலே தெரிவது ஒரு சின்னத் துளை. அது ஒரு நாளுக்குள் மூடிக்கொள்ளும். கடித்த பூனையின் வாயிலிருந்த பாஸ்டுரெல்லா போன்ற பக்டீரியாக்கள் தோலுக்கு அடியில் அடைபட்டுப் பெருகும். இரண்டிலிருந்து ஐந்து நாளில் சீழ் கட்டி வீங்கும். தொட்டால் சுடும், முதலில் கெட்டியாக இருந்து பிறகு இளகும், தொட விடாது. முடியை விலக்கிப் பார்த்தால் சிறு பொருக்கு ஒன்று அகப்படலாம். காய்ச்சலும் சேர்ந்து வருவதால் பூனை கட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டுகொள்ளும், மீன் வைத்தாலும் திரும்பிப் பாராது.

குளவியோ தேனீயோ கொட்டியிருந்தால் எப்படித் தெரியும்?

நேரத்தை வைத்துத் தெரியும். கொட்டினால் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வீங்கிவிடும். உதடு, மூக்கு, கண் இமை என்று மெதுமெதுவென்று உப்பும். பூனை முகத்தைக் காலால் தேய்க்கும், ஆனால் சாப்பிடும், நடமாடும். அநேகமாக ஒரு நாளில் வற்றிவிடும். தேனீயின் கொடுக்கு தெரிந்தால் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் வைக்கலாம். பூரான் கடித்தாலும் ஏறக்குறைய இதே கதைதான், வலி மட்டும் கூட.

வாந்தி, மூச்சு இழுப்பு, தள்ளாட்டம், வெளிறிய பல்முரசு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். அது ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவுவதன் அடையாளம்.

வீங்கிய இடத்தைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும். வைத்தியரிடம் தொலைபேசியில் சொல்லும்போது "முகம் வீங்கியிருக்கு டொக்டர்" என்பதைவிட எந்த இடம் என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கண்ணுக்கு நேர் கீழே வீங்கினால் பல்லைச் சந்தேகிக்க வேண்டும். மேல் தாடையில் நான்காவது முன்கடைவாய்ப் பல்லின் வேர் அந்த இடத்தில்தான் முடிகிறது. பல் உடைந்தோ அரித்துப்போயோ வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே புடைக்கும். சில நேரம் உடைந்து வடிந்து ஆறின மாதிரி இருந்துவிட்டு, ஒரு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். எங்கள் வீட்டுக் கிழவி ஒருத்திக்கு இப்படி மூன்று தடவை சண்டைக் காயம் என்று நினைத்து மருந்து கொடுத்தோம். அவளோ வீட்டு வாசலே தாண்டாதவள், யாரோடு சண்டை பிடிப்பாள்? கடைசியில் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உடைந்த பல் தெரிந்தது. பல்லைப் பிடுங்கிய பிறகு வீக்கம் வரவேயில்லை.

கன்னம், காதடி, நெற்றி என்றால் கடிக்கட்டி. கண் ஒன்று முன்னுக்குத் தள்ளி, வாய் திறக்கவே வலித்தால் கண்ணுக்குப் பின்னால் சீழ் இருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டியது.

மேல் உதட்டில், கூர்ப்பல்லுக்கு எதிரே, உதடு தடித்து நடுவில் குழிந்து சிவந்த புண் இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமையால் வருவது. ஈசினோஃபில் என்ற இரத்தக் கலங்கள் கூட்டமாக வந்து சேர்வதால் ஏற்படுகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பூனைக்கு வலி அவ்வளவாக இராது. இதற்குப் பின்னால் அடிக்கடி இருப்பது தெள்ளு. சில பூனைகளுக்குக் கீழ் உதடும் நாடியும் மட்டும் தடித்துத் தொங்குவதும் இதே வகைதான். நாடியில் கரும்புள்ளிகளும் சிறு பருக்களும் என்றால் பூனைப் பரு. பிளாஸ்டிக் தட்டை எறிந்துவிட்டுப் பீங்கான் அல்லது எவர்சில்வரில் சாப்பாடு வையுங்கள். பாதிப் பூனைகளுக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம்.

வயதான பூனைக்குத் தாடை எலும்போடு ஒட்டியது போல, கல் மாதிரி, மெதுவாக வளரும் வீக்கம் வந்து, எச்சில் வடிந்து, வாய் நாறினால் புற்றுநோயையும் மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மூக்கு மேட்டு வீக்கத்துக்கு வேறு கதைகள் இருக்கின்றன, கீழே வருகிறேன்.

எங்கள் கடுவனுக்கு இரண்டு கன்னமும் ஒரே அளவில் பெருத்துக்கொண்டே போகிறது. வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான்.

அது வீக்கம் இல்லை, வயது. ஆண்மை நீக்காத கடுவன்களுக்கு இரண்டு வயதுக்குப் பிறகு கன்னத் தோல் தடித்து முகம் அகன்றுவிடும். ஊர்ச் சண்டியன் ஆகிவிட்டான் என்று அர்த்தம்.

வலியில் கிடக்கிறது. பனடோல் கால் குளிசை கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. கால் துண்டு, பிள்ளைகளுக்கான பாணி ஒரு தேக்கரண்டி, எதுவும் கூடாது.

காரணம் இதுதான். பனடோலில் இருக்கும் பரசிட்டமோலை நம் ஈரல் மாற்றி வெளியேற்றும் ஒரு வழி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. அதனால் மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைத் தாக்குகிறது, இரத்தத்தால் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் போகிறது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று, 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 125 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சான பூனைகள் உண்டு. கால் குளிசை என்றாலும் கிலோவுக்கு 30க்கு மேல் வந்துவிடுகிறது, பாதுகாப்பான துண்டு என்று ஒன்று இல்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பரசிட்டமோல் நஞ்சான பூனைக்கு முகமும் கால் பாதங்களும் வீங்கும். வீங்கிய முகத்துக்கு மருந்து கொடுத்தவர்கள், "வீக்கம் கூடிட்டுதே, மருந்து காணாது போல" என்று இரண்டாவது துண்டும் கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்து வளவில் ஒரு மாமி அப்படித்தான் ஒரு நல்ல பூனையை இழந்தார். இரண்டு பிள்ளைகளை வளர்த்த கை, பிள்ளைக்குச் செய்ததைப் பூனைக்கும் செய்தது, அவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால், முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறிக் கபிலமாகவோ நீலமாகவோ போனால், மூச்சு வேகமானால், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அறிகுறி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கொடுத்தது தெரிந்தவுடனே போங்கள். அசிற்றைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, அது முந்திக் கொடுத்தால்தான் உதவும். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் எல்லாம் இதே வரிசைதான். பூனைக்கென்று வலிமருந்து இருக்கிறது, அதை வைத்தியர் எடைபார்த்துத் தருவார்.

மஞ்சள், வேப்பெண்ணெய், கற்பூரம், டெட்டோல்?

டெட்டோலும் பினைலும் பூனையின் உடம்பில் படவே கூடாது. அந்த வகை இரசாயனத்தையும் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது, பூனையோ பூசியதை எல்லாம் நக்கிவிடும். கற்பூரமும் நஞ்சு, அது கலந்த தலைவலித் தைலங்களும் நஞ்சு. வேப்பெண்ணெயும் வேண்டாம். மஞ்சள் இவற்றைப் போல ஆளைக் கொல்லாது, ஆனால் குழைத்து அப்பினால் காய்ந்து ஓடு போல மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் இருக்கும்போது வாசலை அடைப்பதில் என்ன பயன்? வைத்தியர் அதைச் சுரண்டிக் கழுவித்தான் காயத்தைத் தேட வேண்டியிருக்கும்.

சரி, வைத்தியரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, வீக்கத்தின் மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. கடிக்கட்டி இதில் இளகும், சிலது தானாக உடையும். உடைந்தால் கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு, மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. பச்சையும் மஞ்சளுமாக வரும், நாற்றம் சொல்லி முடியாது, பழைய துணி நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆசனவாயில் வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பூனையின் சாதாரண வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 பாகை வரை, அதாவது நம்முடையதைவிட அதிகம். 39.5க்கு மேல் போனால் காய்ச்சல். நம் கையால் தொட்டு "காய்ச்சலா இருக்கு" என்று சொல்வது பூனை விஷயத்தில் செல்லாது.

சாப்பாட்டைக் கவனியுங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாத பூனைக்கு, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்புப் படிந்து அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். அவித்த மீனை முள்ளெடுத்து, இளஞ்சூடாக, தண்ணீரோடு மசித்துக் கொடுங்கள். வாசனைக்காகவாவது நக்கும்.

ஊசியால் குத்திச் சீழை நாங்களே எடுத்துவிடலாமா?

வேண்டாம். அது சீழ்தானா என்றே உங்களுக்குத் தெரியாது. முகத்தில் கண்ணுக்குப் போகும் நரம்பும் எச்சில் குழாயும் அருகருகே ஓடுகின்றன. பிதுக்கினால் சீழ் பக்கத்துத் தசைக்குள் போகும், உங்களுக்கும் நல்ல கடி ஒன்று கிடைக்கும்.

வைத்தியர் என்ன செய்வார்?

முதலில் மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார். சீழ் வந்தால் விஷயம் தெளிவு. மயக்கி, முடி மழித்து, சின்னதாகக் கீறிச் சீழை வெளியேற்றி, சேலைனால் அலசுவார். வாயைத் திறந்து பல்லையும் பார்த்துவிடுவது இந்த மயக்கத்தில்தான் வசதி, மறக்காமல் கேளுங்கள். காயத்தை முழுக்கத் தைக்காமல் விட்டாலோ, ஒரு இறப்பர் குழாயைச் செருகி வைத்தாலோ கவலைப்பட வேண்டாம், வடிய வழி வேண்டும். கழுத்துக்குக் கூம்புப் பட்டி போடுவார். பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள்.

சீழ் வராமல் கலங்கள் மட்டும் வந்தால் அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஈசினோஃபிலா, பங்கசா, புற்றுக் கலங்களா என்று அங்கே தெரியும். பல் என்றால் எக்ஸ்ரே, கட்டி என்றால் ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பரிசோதனை.

நுண்ணுயிர்க்கொல்லியாக அமொக்சிசிலின்–கிளவுலனேற்று, கிளிண்டமைசின் போன்றவை வழக்கம். வீட்டில் மிச்சமிருக்கும் கப்சியூலைப் பிரித்துக் கொட்டும் பழக்கம் நம்மூரில் நிறைய. அளவு தெரியாமல் இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால் கட்டி பாதி அடங்கிப் பிறகு பெரிதாக வரும். கோழிக்கு வாங்கி வைத்த என்ரோஃப்ளொக்சசின் இன்னும் மோசம், அளவு கூடினால் பூனைக்குக் கண் பார்வையே போகலாம். டொக்சிசைக்கிளின் குளிசை எழுதித் தந்தால், விழுங்கவைத்த கையோடு 5 மில்லிலீற்றர் தண்ணீர் ஊட்டுங்கள். தொண்டைக்குக் கீழே தங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

மாரி தொடங்கினால் மூக்கு மேலே பொருக்குப் பொருக்காகத் தடிக்கிறது. மார்கழி தாண்டினால் குறைகிறது. போன வருடமும் இப்படித்தான்.

இந்தக் கேள்வி வாவிக்கரை வீடுகளிலிருந்துதான் அதிகம் வருகிறது, பதிலும் அங்கேயே இருக்கிறது: நுளம்பு.

சில பூனைகளுக்கு நுளம்பின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. நுளம்புக்கு எட்டுவது முடி குறைந்த இடங்கள்தான், அதாவது மூக்கு மேடு, காதின் வெளிப்பக்கம், சிலவேளை பாதத்தின் அடிப்பஞ்சு. அங்கே சிறு தடிப்புகள் வந்து, உடைந்து, பொருக்குத் தட்டி, முடி கொட்டி, கறுப்பு மூக்கு வெளிறிப் போகும். வடகீழ்ப் பருவமழையோடு கூடி, வெயில் வந்ததும் குறைவது இதன் குணம். படை என்று நினைத்துப் படைக் களிம்பு பூசிப் பூசி அலுத்துப்போனவர்கள் பலர்.

கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத சோதனை உண்டு. பூனையை ஒரு வாரம் நுளம்பு வலை அடித்த அறைக்குள் வையுங்கள், அல்லது பொழுது சாயுமுன் உள்ளே எடுத்து வலைக்குள் படுக்கவிடுங்கள். வேறு மருந்தே இல்லாமல் ஒரு வாரத்தில் புண் காயத் தொடங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். கடுமையாக இருந்தால் வைத்தியர் சில நாளுக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் தருவார், ஆனால் வலை இல்லாமல் அந்தக் குளிசை மட்டும் எத்தனை நாளைக்கு?

மனிதருக்குப் பூசும் நுளம்புக் களிம்பைப் பூனைக்குப் பூசக் கூடாது. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனைக்கு வலிப்பு வரவைக்கும், உயிரும் போகலாம்.

நுண்ணுயிர்க்கொல்லி இரண்டு வாரம் கொடுத்தும் மூக்குப் புண் ஆறவில்லை. பெரிதாகிறது.

அப்போது மருந்தை மாற்றுவதற்கு முன் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பங்கசுகளை வைத்தியர் நினைப்பார். கிரிப்டோகொக்கஸ், புறா எச்சத்தோடும் மண்ணோடும் தொடர்புள்ளது, மூக்கு மேடு உயர்ந்து முகவெட்டே மாறும், தும்மலும் சளியும் இருக்கும். ஸ்போரோத்ரிக்ஸ், முட்கீறல், நகக்கீறல் வழியாக ஏறுவது, முடிச்சு முடிச்சாக வந்து உடைந்து புண்ணாகும். இந்த ஸ்போரோத்ரிக்ஸ் பூனையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். எனவே ஆறாத முகப்புண்ணைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். இட்ராகொனசோல் போன்ற மருந்து மாதக் கணக்கில் தேவைப்படும். பங்கசு இருக்கும் பூனைக்கு ஒவ்வாமை என்று நினைத்து ஸ்டீரொயிட் ஊசி போட்டால் வீக்கம் நாலு நாள் அடங்கிவிட்டுப் பிறகு கைமீறிப் போகும். முதலில் தகட்டில் பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வெள்ளைப் பூனை, அல்லது மூக்கும் காதும் வெள்ளையான பூனை என்றால் வெயிலால் வரும் தோல் புற்றையும் பார்க்க வேண்டும். காது நுனியில் ஆறாத சின்னப் பொருக்காகத்தான் ஆரம்பிக்கும். முந்திப் பிடித்தால் வெட்டியெடுத்துக் குணமாக்கலாம்.

மீன் வெட்டுமிடத்தில் திரிந்த பூனைக்கு உதடு வீங்கி, வாயைக் காலால் தட்டுகிறது.

கெளுத்தி முள்ளோ தூண்டிலோ ஏறியிருக்கலாம். பின்னாலிருந்து துவாயால் சுற்றிப் பிடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். மேலோட்டமாகக் குத்திய முள் என்றால் எடுக்கலாம். தூண்டிலை இழுக்காதீர்கள், அதன் எதிர்முள் சதையைக் கிழிக்கும். வாயிலிருந்து நூல் தொங்கினால் அதையும் இழுக்கக் கூடாது, மறுமுனை குடலுக்குள் இருக்கலாம்.

எச்சில் வடிந்து, தாடை தொங்கி, குணமும் மாறியிருந்தால் வாய்க்குள் கை விடாதீர்கள். அது விசர் நோயாகவும் இருக்க முடியும்.

படுவான்கரையில் இருக்கிறோம். வயலுக்குள் போய் வந்த பூனையின் முகம் கண்முன்னே வீங்குகிறது, இரத்தமும் கசிகிறது.

புடையன் தீண்டியிருக்கலாம். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கூடையில் போட்டு, அசையவிடாமல், நேரே வைத்தியரிடம். பாம்பைத் தேடி நேரத்தை விடவேண்டாம்.

காயத்தில் புழு வைத்துவிட்டது.

உடைந்த கட்டியை ஈக்கு விட்டால் ஒரே நாளில் வரும். மண்ணெண்ணெயும் கற்பூர எண்ணெயும் ஊற்றுவது மாட்டுக்குச் செய்யும் வழக்கம், பூனை அதை நக்கிச் சாகும். உப்புத் தண்ணீரால் அலசி, இடுக்கியால் தெரிந்ததை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள், ஆழத்தில் இருப்பதை அங்கே எடுப்பார்கள்.

மருந்து கட்டும்போது என்னைக் கடித்துவிட்டது.

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசி, விசர்நாய்க்கடி ஊசி இரண்டைப் பற்றியும் அங்கே முடிவெடுப்பார்கள். சின்னத் துளைதானே என்று விடாதீர்கள். பூனைக்குக் கன்னத்தில் சீழ் கட்டவைத்த அதே பக்டீரியா உங்கள் விரல் மூட்டுக்குள்ளும் ஒரு நாளில் வேலையைக் காட்டும்.

எங்கே கொண்டுபோவது?

முதலில் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகம். நம் மாவட்டங்களில் அந்த வைத்தியர்களுக்கு மாடு, ஆடு, கோழிதான் பெரிய வேலை, பண்ணைகளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் காலையிலேயே போங்கள். பல் எக்ஸ்ரே, கட்டிப் பரிசோதனை போன்றவைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்கு அனுப்பலாம். பஸ்ஸில் போவதானால் மூடியுள்ள கூடை, அடியில் உங்கள் பழைய சேலைத் துண்டு. அந்த வாசனையில் பாதி வழி கத்தாமல் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டி வருகிறது. என்னதான் செய்வது?

கடுவன் என்றால் ஆண்மை நீக்குங்கள். சண்டை வெகுவாகக் குறையும், கட்டியும் குறையும். அதோடு, கடியால் பரவும் பூனை எதிர்ப்புச் சக்திக் குறைவு வைரசுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அது இருக்கும் பூனைக்குச் சின்னக் காயமும் ஆற நாளெடுக்கும். அந்த வைரசு மனிதருக்குத் தொற்றாது, பூனையை வீட்டுக்குள் வைத்துப் பராமரித்தால் வருடக்கணக்கில் வாழும்.

மழித்த இடத்தில் முடி வருமா?

வரும். இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஆழமாகக் கீறிய இடத்தில் சிலவேளை வெள்ளையாக முளைக்கும். எங்கள் கறுப்புக் கடுவனுக்கு இடது கன்னத்தில் ஐந்து சத அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிறது, இருட்டில் அவன் வருவதை இப்போது அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.